இரலையும் முல்லையும்

முதல், கரு, உரி என்னும் மூவகைப் பொருளுள் உரிப்பொருளே தலைமை உடையது என்பது தொல்காப்பியர் வைப்புமுறையானும் உரையாசிரியர் விளக்கத்தானும் நாம் நன்கறிந்த ஒன்று. அம்முறையைத் துணையாகக் கொண்டு, கருப்பொருளை ஓரளவே அறிந்தாலும் அகப்பாட்டின் பயன் குறைபடாது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மரம் ஒன்று வந்தால் 'ஒருவகை மரம்' என்றும், பூ ஒன்று வந்தால் 'ஒருவகைப் பூ' என்றும், விலங்கு வந்தால் ஏதேனும் ஒரு பொதுப்பெயரும் எழுதிவிட்டு மேலே செல்கின்றோம். வகுப்பறைக் கையுரைகளைப் புரட்டுவார்க்கு இஃது எளிதிற் புலனாகும். உரிப்பொருள் தலைமையுடையது என்பது உண்மையே. ஆயின் அத்தலைமைப் பொருள் எதன்மேல் நின்று விளங்குகின்றது என்று வினவுதல் வேண்டும் அன்றோ?

ஈண்டு ஒரே ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்வாம். முல்லைப் பாட்டுகளில் மீண்டும் மீண்டும் வரும் இரலை என்னும் விலங்கே அது. அதனை 'ஆண்மான்' என்று மட்டும் பொருள்கொண்டு படிப்பது ஒன்று. இன்ன மான் என்று துணிந்து, அது வாழும் நிலத்தையும் அதன் ஒழுகலாற்றையும் அறிந்து படிப்பது மற்றொன்று. இவ்விரண்டற்கும் இடையே பாட்டின் பொருளிலேயே வேறுபாடு தோன்றுகின்றது என்பது இக்கட்டுரையின் துணிபு. அவ்வேறுபாடு மிகுதியும் விளங்குவது அகநானூற்று 34ஆம் பாட்டில். அப்பாட்டிற்குச் செல்லுமுன் சொல்லைத் தெளிதல் வேண்டும்.

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர், இளமைப் பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கின்றது. அதன்கண் இரலை, கலை என்னும் இரு பெயரும் புல்வாய் என்னும் விலங்கின் ஆணுக்கு உரியவாகச் சொல்லப்படுகின்றன. கலை என்னும் பெயரோ உழைக்கும் உரித்தென்றும், முசு என்னும் குரங்கினத்துக்கும் உரித்தென்றும் அடுத்து விரிக்கப்படுகின்றது. இரலை அவ்வாறு விரிக்கப்படவில்லை. ஆகவே மரபியல் நெறிப்படி கலை பொதுப்பெயர். இரலை புல்வாய் ஒன்றற்கே உரிய சிறப்புப் பெயர். 'ஆண்மான்' என்று இரலைக்குப் பொருளெழுதுவார் இரலையைக் கலையாக்கிவிடுகின்றனர். இலக்கணம் பிரித்து வைத்ததை உரை கலந்துவிடுகின்றது. மரபியலின் சில பகுதிகள் காலத்தாற் பிற்பட்டவை என்பார் உளர். அவர் கூற்றை ஏற்பினும் இங்குக் குறையொன்றுமில்லை. சங்கப் புலவர்தம் வழக்கே இவ்வேறுபாட்டிற்குச் சான்று நிற்கும்.

புல்வாய் யாது? பெயரே ஒரு குறிப்பைத் தருகின்றது. புல்லை வாயிற்கொள்வது, அஃதாவது தழையினும் புல்லையே விரும்பி மேய்வது. இளமைப் பெயர் கூறுமிடத்துப் பிற விலங்குகளை வாளா கூறிய ஆசிரியர், புல்வாய்க்கு மட்டும் அதன் ஓட்டத்தைச் சுட்டும் அடைமொழி ஒன்று புணர்த்துள்ளார். புல்மேய்வதும் ஓட்டத்திற் சிறந்ததுமாகிய மான் எது என்ற வினாவிற்கு, தமிழ்நாட்டளவில் ஒன்றே விடை. இக்காலத்தார் வெளிமான் என்றும் திருகுமான் என்றும் வழங்கும் விலங்கே அது. மணிக்கு 80 கிலோமீட்டர் அளவு விரைந்தோட வல்லது என்பர் விலங்கியலார். உழை என்பது புள்ளிமான் ஆதல் பொருந்தும்.

இக்கருத்துக்கு அரண் செய்யும் சான்று புறநானூற்றில் உள்ளது. பூஞ்சாற்றூர்ப் பார்ப்பான் கௌணியன் விண்ணந்தாயனை ஆவூர் மூலங்கிழார் பாடிய 166ஆம் பாட்டில், வேள்வித் தொழிலின்பொருட்டு அவன் தோள்மேல் பூண்ட தோல் புல்வாயின் ஆணுக்குரியது என்று குறிக்கப்படுகின்றது. வேள்வி செய்வார்க்கு வடமொழி நூல்கள் விதித்த தோல் கிருட்டிணாசினம், கருமான் தோல். கருமான் இயல்பாகத் திரியும் நிலமே வேள்விக்குத் தக்க நிலம் என்று மனுநூல் எல்லை வகுக்கின்றது. விதித்த தோலை விலக்கி வேறொரு மானின் தோலை விண்ணந்தாயன் பூண்டிருப்பான் என்று கருத இடமில்லை. எனவே வடவர் கருமான் என்றதும் தமிழர் புல்வாய் என்றதும் ஒன்றே என்பது ஒருதலை.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. வடமொழி இவ்விலங்கிற்கு அதன் நிறத்தால் பெயரிட்டது. தமிழ் அதன் உணவாலும், வாழும் வெளியாலும், திருகிய கொம்பாலும் பெயரிட்டது. வளர்ந்த ஆணின் முதுகு கருமையும் வயிறு வெண்மையுமாக விளங்குதல் இவ்வினத்தின் இயல்பாயினும், தென்னாட்டு ஆண்கள் முழுக்கருமை எய்துதல் அரிது. பெரும்பாலும் கரும்பழுப்பாகவே நின்றுவிடும். நாம் எடுத்துக்கொண்ட முல்லைப் பாட்டுகளில் கருமை கொம்பிற்கு அடையாக வருகின்றதேயன்றி உடலுக்கு வரவில்லை. புலவர் தாம் கேட்டதைப் பாடினாரல்லர், தம் நாட்டிற் கண்டதைப் பாடினார் என்பதற்கு இது சிறியதொரு சான்றாகும்.

கொம்பைப் பற்றிப் புலவர் கூறுவதும் இதனையே வலியுறுத்தும். குறுங்குடி மருதனார் அகநானூற்று 4ஆம் பாட்டில், முறுக்கிய இரும்பைக் கொம்பிற்கு உவமையாக்கினார். புள்ளிமானின் கொம்பு கிளைத்தது. ஆண்டுதோறும் உதிர்ந்து மீளத் தோன்றுவது. அதனை எவ்வளவு கற்பனை செய்யினும் முறுக்கிய இரும்பாகக் காண இயலாது. வெளிமானின் கொம்போ கிளையற்றது, உதிராதது, அடிமுதல் நுனிவரை மூன்று நான்கு திருகாகச் சுற்றி எழுவது, வளையம் வளையமாக வரி உடையது. உலையிற் காய்ச்சி இருபுறமும் பற்றி முறுக்கிய கம்பியைக் கண்டவர்க்கு இவ்வுவமையின் நுட்பம் உடனே விளங்கும். குறுந்தொகை 338ஆம் பாட்டிற் பெருங்குன்றூர்கிழார் பாடும் இரலையும் திருகிய கொம்புடையதே. இத்துணைத் தெளிவாகப் புலவர் அடையாளம் தந்திருக்கவும் நாம் 'ஆண்மான்' என்று எழுதி அமைதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி நிலத்தை நோக்குவாம். முல்லை என்பதற்குக் 'காடும் காடு சார்ந்த இடமும்' என்று பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகின்றோம். காடு என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது வானளாவிய மரம் நெருங்கி, பகலும் இருள் செறிந்த பெருங்காடு. படப்பட்டிகையிற் கண்டதும் மலைச்சாரலிற் கண்டதும் சேர்ந்து அவ்வுருவத்தை நமக்கு ஆக்கித் தந்தன. அவ்வுருவத்தோடு முல்லைப் பாட்டைப் படித்தால் பாட்டு ஒவ்வாது நிற்கும். தலைவன் தேர் அக்காட்டின் ஊடே எவ்வாறு விரைந்து வரும்? வரகு எங்கு விளையும்? ஆனிரை எங்கு மேயும்? முல்லையின் கருப்பொருளை விரிக்கும் நச்சினார்க்கினியர் உணவாக வரகும் சாமையும் கூறினார். விலங்காக உழையும் புல்வாயும் முயலும் கூறினார். மரமாகக் கொன்றையும் குருந்தும் கூறினார். இவற்றுள் ஒன்றேனும் இருண்ட பெருங்காட்டிற்கு உரியதன்று. யாவும் இடையிடையே புல்வெளியும் பரலும் உடைய, குறுமரமும் புதரும் திட்டுத்திட்டாய் நிற்கும் திறந்த நிலத்திற்கு உரியவை.

வெளிமானின் வாழ்வு இதற்கு உரைகல். இவ்விலங்கு பகையைக் கண்ணாற் கண்டு காலால் தப்புவது. கட்புலனை மறைக்கும் அடர்ந்த புதரும் காலைத் தடுக்கும் நெருங்கிய மரமும் இதற்கு ஆகா. ஆதலின் வெளி சுருங்கிய இடத்தில் இது வாழாது. இரலையைப் பாடும் புலவர் அனைவரும் திறந்த வெளியையே பாடினர் என்பது இதனாற் பெறப்படும். 'வெளிமான்' என்னும் வழக்குச்சொல் உரைநூல்கள் மறந்ததை மறவாது காத்து வந்துள்ளது. (சங்க காலத்து வெளிமான் என்னும் வள்ளல் பெயரோடு இதனை மயக்குதல் கூடாது.)

தமிழ்நாட்டில் இந்நிலம் இன்று எஞ்சியிருக்கும் இடங்கள் சிலவே. 1967 இல் வெளிமானின் பொருட்டே அமைக்கப்பெற்ற கோடிக்கரை வனவிலங்குப் புகலிடம் அவற்றுள் தலையாயது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக் குன்றில் 1987 இல் ஒரு புகலிடம் அமைந்தது. இயற்கையாக வாழும் வெளிமான்களுக்கு அதுவே தென்கோடி. சென்னை நகரின் நடுவே கிண்டியில் ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1978 இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. கிண்டியின் சிறப்பு, உழையும் புல்வாயும் ஒரே பார்வையில் அகப்படுதல். மரபியலைப் பாடஞ்சொல்வார் மாணவரை ஒரு முற்பகல் ஆண்டு அழைத்துச் செல்வராயின், இரலைக்கும் கலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பின்னர் ஒரு சொல்லும் கூறவேண்டியதில்லை.

கோடிக்கரையை நம் நோக்கிற்கு மேலும் பயன்படுத்தலாம். அங்குள்ளது வறண்ட பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் ஒருகாலத்திற் பரவிக் கிடந்து, இன்று கோயிற்காடுகளாகவும் சிறு துண்டங்களாகவும் எஞ்சியது அவ்வினக் காடு. மரங்கள் உயரம் குறைந்தவை, இலை தடித்தவை. குருந்து என்று கொள்ளப்படும் காட்டெலுமிச்சையும், காயா என்று கொள்ளப்படும் காசாவும் அங்கு உள்ளன. மாயோன் நிறத்திற்கும் மயிற்கழுத்திற்கும் புலவர் ஒப்புக்கூறிய காயாம்பூவின் நீலத்தை அக்கிளைகளில் கண்டபின், முல்லைக்குத் தெய்வம் மாயோன் ஆனதேன் என்று தனியே ஆராய வேண்டுவதில்லை என்றுகூடத் தோன்றும். காட்டின் விளிம்பிலே புல்வெளி. அப்புல்வெளியிலே வெளிமான் கூட்டம். காடும் காடு சார்ந்த இடமும் என்ற தொடரின் பிற்பகுதிக்கு இதனினும் சிறந்த உரை இல்லை. அக்காட்டில் மிகுந்து நிற்கும் மரத்திற்கு ஆண்டு வாழ்வார் பாலை என்று பெயர் வழங்குகின்றனர். அது பாலுடைமையால் வந்த பெயர்; அதுகொண்டு பாலைத்திணையை ஆண்டுத் தேடுதல் வேண்டா.

கடலும் காடும் அடுத்துக் கிடத்தலின் அவ்விடம் திணைமயக்கத்திற்கும் இலக்கியம். சுந்தரர் கோடிக்குழகரைப் பாடிய பதிகத்தில் கடற்காற்று எற்றும் கரையும், பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காடும், கொடிய வேட்டுவரும் சொல்லப்பட்டு, இத்தகைய தனியிடத்தே கோயில் கொண்டது ஏனோ என்று இறைவனை இரங்கி வினவுதல் காணலாம். அங்குக் காடு அச்சந்தருவது. அயலிலிருந்து வந்தவர் கண்டது. முல்லைப் புலவர் கண்டதோ வாழ்வார் கண்ட காடு.

சுந்தரர் பெயரால் வேறொரு காடும் நினைவுக்கு வருகின்றது. ஆவடியை அடுத்த கோவில்பதாகைக்கு அணித்தாக உள்ளது வடதிருமுல்லைவாயில். தொண்டைமானின் களிறு முல்லைக்கொடியாற் கட்டுண்டு நின்ற செய்தியைச் சுந்தரர் அத்தலத்துப் பதிகத்திற் குறித்துள்ளார். கொடியை வாளால் வெட்டியபோது ஆண்டிருந்த இலிங்கத்தினின்று குருதி பெருகியது என்று தலவரலாறு அதனை விரிக்கும். கோயிலில் எருக்கந்தூண் இரண்டு இன்றும் காட்டப்படுகின்றன. வரலாற்று உண்மை எவ்வாறாயினும், அக்கதை எந்நிலத்திற் பிறந்திருத்தல் கூடும் என்பது நமக்குப் பயன்படும். யானையின் காலைக் கொடி பிணிக்க வேண்டுமாயின், கொடி உயர்மரத்தின் உச்சியிற் படர்ந்தால் போதாது. இடுப்பளவுப் புதர்களின்மேல் ஒன்றோடொன்று பின்னித் தரையோடு படர்தல் வேண்டும். எருக்கு வெயில் தடையின்றிப் படும் வறண்ட நிலத்தின் செடி. முல்லையும் எருக்கும் ஒருங்கே நின்ற அந்நிலம் கிண்டியின் குறுங்காட்டை ஒத்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இன்று கோவில்பதாகை, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் ஏரிகள் சிலவும் குடியிருப்பும் தொழிற்சாலையுமே காணப்படும். முல்லை ஊர்ப்பெயரில் நின்றது, நிலத்தினின்று நீங்கிற்று. முல்லைத்திணையைப் பயிற்றும் ஆசிரியரும் பயிலும் மாணவரும் முல்லையைப் பாராமலே பயிலும் நிலை இவ்வாறு வந்ததாகும். பாராத நிலத்திற்கு 'ஒருவகை' என்று உரை எழுதுவதையன்றி வேறென் செய்வது?

இனி அகநானூற்று 34ஆம் பாட்டிற்கு வருவாம். பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். வினை முற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகற்குக் கூறுவதாக அமைந்தது. கரிய பிடவம் குறும்புதராய் நின்று வெண்ணிறமாகப் பூத்துள்ளது. திருகிய கொம்புடைய இரலை ஒன்று, குட்டி தன் பக்கத்தே விளையாடும் பிணைக்கு அறுகின் சிவந்த தண்டையுடைய மெல்லிய கதிரை ஊட்டுகின்றது. தெளிந்த நீர் தழுவிய மணற்கரையில் அவை துயில, இரலை அசைபோடும் கவுளோடு நின்று காவல் செய்கின்றது. அதன் பெருந்தகைமை கண்டு உடைந்த தன் நெஞ்சம் இன்புறுமாறு தேரைச் செலுத்துக என்கின்றான் தலைவன். பாட்டின் பிற்பகுதி அவன் மனையைக் காட்டுகின்றது. முன்கையிற் கிளியை ஏந்திய தலைவி, 'அவர் இன்று வருவார் என்று சொல்லாயோ' என, இல்லத்தார் அறிதலை அஞ்சி மெல்ல மெல்ல அதற்குப் பயிற்றிக்கொண்டிருக்கின்றாள்.

இப்பாட்டை நயங்காண்பார் இரு திறத்தினர். ஒரு சாரார் மான் குடும்பம் என்பது முல்லைத்திணைக்கு மரபாக அமைந்த ஒரு காட்சி, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பர். மற்றொரு சாரார், சங்கப் புலவர் விலங்கின் வாழ்வை விலங்கியலாரினும் நுட்பமாக அறிந்து பாடினர் என்று பெருமிதம் கொள்வர். இவ்விரண்டாவது கூற்றிற்கு அண்மைக் காலத்தில் வரவேற்பு மிகுதி. கருத்தரங்கக் கட்டுரைகளில் 'சங்க இலக்கியத்தில் அறிவியல்' என்னும் தலைப்பு இல்லாத ஆண்டு அரிது. பி. எல். சாமி முதலிய அறிஞர் செடிகொடியையும் விலங்கையும் ஆய்ந்து தந்த அரிய செய்திகளைப் பெருமைக்குப் பயன்படுத்தினோமேயன்றிப் பாட்டைப் படிப்பதற்குப் பயன்படுத்தினோமல்லோம். இரு சாரார் கூற்றும் பாட்டைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து.

வெளிமானின் ஒழுகலாறு இது. பிணைகள் குட்டிகளோடு கூட்டமாகத் திரியும். வலிமை பெற்ற ஆண் ஒரு சிறு நிலப்பகுதியைத் தனக்கென வரைந்துகொண்டு, அதன் எல்லையிற் சாணக்குவியல் இட்டும் கண்ணருகுள்ள சுரப்பியின் மணத்தைப் புல்நுனியில் தடவியும் உரிமை காட்டும். அதன் எல்லைக்குள் பிணைகள் மேய வரும், சில பொழுது தங்கும், பின்னர் நீங்கும். வேற்றாண் புகுந்தால் எதிர்த்து விரட்டும். குட்டியைப் பேணுதல் முழுதும் பிணையின் தொழில். ஈன்ற சில நாள் அதனைப் புல்லிடை மறைத்து வைத்து வந்து பாலூட்டும். ஆண் பிணைக்கு உணவூட்டுதல் இல்லை. ஒரு பிணையோடு ஒன்றி வாழ்தலும் இல்லை.

அவ்வாறாயின் இளநாகனார் பொய் பாடினாரா? அன்று. அவர் தந்த காட்சியைக் கூறுகூறாகப் பிரித்து நோக்குக. பிடவம் பூத்த புதர், அறுகம்புல், நீர்தழுவிய மணல், துயிலும் பிணை, அதன் மருங்கில் குட்டி, சற்றே விலகிப் படுக்காது நின்று அசைபோடும் ஆண். இவை யாவும் கண்ணாற் கண்டவை. எல்லைகாக்கும் ஆண், பிணைகள் இளைப்பாறும்பொழுது தான் நிமிர்ந்து நின்று நாற்புறமும் நோக்குதல் கிண்டியிலும் கோடிக்கரையிலும் இன்றும் காணத்தக்கது. காணத்தகாதவை இரண்டே: இரலை பிணைக்கு ஊட்டிற்று என்பதும், அவற்றின் துயிலைக் காத்தது என்பதும். அவ்விரண்டும் வினைச்சொல்லில் அமைந்தவை. பெயர்ச்சொற்கள் யாவும் வெளிமான் வெளியிலிருந்து வந்தவை. அவ்விரு வினைச்சொற்களும் தேரில் நிற்பவன் நெஞ்சிலிருந்து வந்தவை.

இதுவே இப்பாட்டின் உயிர். காட்சியைக் கூறுபவர் இளநாகனார் அல்லர். வினைமுற்றி மீளும் தலைவன். மனைவியைப் பிரிந்து, அவளுக்கு ஊட்டுதலும் அவள் துயிலைக் காத்தலும் ஆகிய கடமைகளை விட்டு, பாசறையில் கிடந்தவன். நிலத்தை வரைந்து காக்கும் ஒரு விலங்கைக் காண்கின்றான். இல்லத்தைக் காக்கும் கணவனாக அதனைப் படிக்கின்றான். தான் செய்யாததை அது செய்வதாகக் காண்கின்றான். மன்னர்க்கும் வள்ளற்கும் வழங்கும் 'பெருந்தகை' என்னும் சொல்லை அதற்குச் சூட்டித் தன் நெஞ்சம் உடைந்தது என்கின்றான். போரிற் பகைவரை உடைத்து வந்தவன் ஒரு மானுக்கு உடைந்தான். மான் உண்மையிலேயே அவ்வாறு ஒழுகியிருப்பின் அவன் நாணத்தில் வியப்பில்லை. அவ்வாறு ஒழுகாத ஒன்றை அவ்வாறு ஒழுகியதாகக் காணும்படி அவனை ஆக்கிய ஏக்கமே உரிப்பொருள். கருப்பொருளை உள்ளவாறு அறிந்தாலன்றி, அதற்கும் உரிப்பொருளுக்கும் இடையே உள்ள இந்நுண்ணிய எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. மரபு என்பார்க்கும் தெரியாது. அறிவியல் என்பார்க்கும் தெரியாது.

பிற்பகுதியின் பொருத்தமும் இதனால் விளங்கும். அங்கே துயிலும் பிணை; இங்கே கிளியோடு பேசும் தலைவி. மணற்கரையில் காவல் இருத்தலின் துயில் இருக்கின்றது; மாளிகையில் காவலன் இல்லாமையின், பிறர் அறியாதவாறு தாழ்ந்த குரலில் ஒரு வினா மட்டும் இருக்கின்றது. தலைவி துயிலவில்லை என்று பாட்டு வெளிப்படையாகக் கூறவில்லை. முற்பகுதியின் துயிலைப் பிற்பகுதியில் மீண்டும் கூறாமை அதனை உணர்த்துகின்றது என்று கொள்ளலாம்.

இவ்விளக்கம் நம் கற்பனையன்று என்பதற்கு அகநானூற்று 4ஆம் பாட்டோடு ஒப்பிடுதல் நன்று. அதிலும் இரலை வருகின்றது, அதே திருகிய கொம்பு, அதே பரல்நிலம், அதே கார்ப்பருவம். ஆனால் ஆங்கு இரலை பிணைக்கு ஊட்டுவதும் இல்லை, காப்பதும் இல்லை. பள்ளங்களில் துள்ளுகின்றது, அவ்வளவே. வெளிமான் நான்கு காலும் ஒருங்கே எழ வானோக்கித் துள்ளும் இயல்பினது. மழைக்குப்பின் புல் தளிர்த்த வெளியில் அத்துள்ளலைக் கண்டவர் மறவார். குறுங்குடி மருதனார் பயன்படுத்திய சொல் அத்துள்ளலுக்கே உரியது. இரலை இங்கு ஏன் கணவனாகவில்லை? கூறுபவள் தோழி என்பதனால். பருவம் வந்தது, ஆதலின் அவர் வருவர் என்று தலைவியை ஆற்றுவிப்பதே அவள் கருத்து. அவளுக்கு இரலை பருவத்தின் அடையாளம் மட்டுமே. துணையை எண்ணும் இடம் வரும்பொழுது அவள் வண்டிற்குச் செல்கின்றாள். துணையொடு வைகும் வண்டுகள் அஞ்சாதிருத்தற்பொருட்டுத் தேர்மணியின் நாவைக் கட்டி வருபவன் தலைவன் என்கின்றாள். ஒரே விலங்கு, ஒரே நிலம். கூறுவோர் மாறக் காட்சியும் மாறுகின்றது. கூற்று என்னும் உறுப்பைத் தொல்காப்பியர் ஏன் அத்துணை விரித்துரைத்தார் என்பது இத்தகைய இடங்களிலேதான் நன்கு தெளிவாகும்.

கலித்தொகை 11ஆம் பாட்டு இதற்கு மற்றுமொரு படி. பாலை பாடிய பெருங்கடுங்கோ அங்கு, நிழலின்றி வருந்திய பிணைக்குத் தன் நிழலையே தரும் கலையைக் காட்டுகின்றார். இச்செய்தியைக் கூறுபவள் தலைவி. ஆனால் அவள் கண்டதன்று. பிரியுமுன் தலைவன் அவட்குச் சொல்லியது. கணவன் காட்டிற் கண்டு கூறியதை மனைவி நினைந்து, இவ்வாறு கண்டவர் திரும்பி வாராதிருப்பரோ என்று தேறுகின்றாள். அவளுக்குச் சான்றாவது மானின் அன்பன்று; மானை அவ்வாறு கண்ட கண்ணின் அன்பு. அங்குப் புலவர் கலை என்ற பொதுப்பெயரை ஆண்டிருத்தலின் புல்வாய் என்றோ உழை என்றோ துணிதல் வேண்டா. துணியத்தக்க இடத்தில் துணிதலும் துணியலாகாத இடத்தில் வாளா விடுதலும் உரைகாண்பார் கடன்.

சொற்பொருளில் நேர்ந்த கலப்பு சொல்லோடு நின்றுவிடவில்லை. முல்லையைப் பெருங்காடாகப் படித்துப் பழகிய நாம், பெருங்காடல்லாத முல்லையைக் காணும்பொழுது அதனைத் தரிசு என்கின்றோம். புல்லும் புதரும் பரலுமாகக் கிடக்கும் நிலம் பயனற்றது, மரம் நட்டு அதனைக் காடாக்குதல் அறம் என்று கருதுகின்றோம். வெளிமானுக்கு நேர்ந்த இடரில் வேட்டைக்கு ஒரு பங்கு உண்டு. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முதற்பட்டியலில் வைத்துக் காத்தது. ஆயின் வெளி மூடிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. கோடிக்கரையில் சீமைக்கருவேலம் புல்வெளியிற் பரவி மேய்ச்சலைச் சுருக்கிற்று. கிண்டியிலும் போலோ திடல் போன்ற திறந்த இடங்களையே நாடும் வெளிமான், புதர் நெருங்க நெருங்க இடமிழந்தது. தழையும் உண்டு நிழலிலும் வாழவல்ல புள்ளிமான் பெருகிற்று. மரபியல் பிரித்து வைத்த இரண்டனுள் ஒன்று மற்றொன்றின் இடத்தில் நிற்கின்றது. உரைநூலில் இரலை கலையானதும், பூங்காவில் புல்வாய் குறைய உழை மிகுந்ததும் ஒன்றற்கொன்று காரணம் என்று நான் கூறவில்லை. இரண்டும் முல்லை இன்னதென்று மறந்தமையால் நேர்ந்தவை என்பதை மட்டும் கூறுகின்றேன்.

பதிப்பாசிரியர்க்கும் அகராதி தொகுப்பார்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இரலை என்னுமிடத்து 'புல்வாயின் ஆண்; திருகுகொம்புடைய வெளிமான்' என்று எழுதுதற்குக் கூடுதலாக ஒரு வரி இடம் போதும். உழை, நவ்வி, மரை என்பவற்றையும் இவ்வாறே தனித்தனி எடுத்து ஆராய்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற பணி. வகைமைப் பட்டியல் தொகுத்து அமைதல் கூடாது. அவ்வச் சொல் வரும் பாட்டுள் கூறுவோர் யார், கேட்போர் யார் என்பதனோடு சேர்த்து ஆராய்தல் வேண்டும்.

34ஆம் பாட்டில் எஞ்சிய உவமை ஒன்று உண்டு. இரலையின் இரு கொம்பிற்கும், செருப்பணிந்த கானவன் சுமந்த கவைக்கோலை இளநாகனார் உவமை கூறுகின்றார். முறுக்கிய இரும்பு என்ற மருதனார் உவமையோடு வைத்துப் பார்க்க, இது பொருந்தாது போலத் தோன்றலாம். கவைக்கோலில் முறுக்கு இல்லை. உண்மையில் அவர் நோக்கியது முறுக்கையன்று, விரிவை. வெளிமானின் கொம்பு இரண்டும் தலையினின்று பக்கம் பக்கமாக விலகி, கவட்டை போல விரிந்து எழும். அண்மையில் நின்று காண்பார்க்கு முறுக்கு தெரியும். தொலைவில் காண்பார்க்குக் கவட்டை மட்டுமே தெரியும். ஓடும் தேரிலிருந்து மணற்கரையை நோக்குபவன் தலைவன். அவனுக்கு எது தெரிந்திருக்கும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். முட்புதர் நிறைந்த வழியில் கவைக்கோலின்றி நடவாத கானவன் அவ்வழியிலேயே அவன் கண்ணிற் பட்டிருத்தலும் கூடும்.